அப்பாரு விட்டுப்போன டபுள் பேரல்: வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா?

கொறங்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்குக் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஊர். போன தை மாதம் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, தவறிவிட்டார், வயது 91. அவர் பேரில் ஒரு பன்னிரண்டு போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல், துப்பாக்கி இருந்தது. காரியம் முடிந்த வாரமே அப்பா ஸ்டேஷனில் விவரம் சொல்லிவிட்டு, கோவையில் ஒரு துப்பாக்கிக் கடையில் அதை டெபாசிட் செய்துவிட்டார். இப்போது வீட்டில் பேச்சு இரண்டாகிக் கிடக்கிறது. "லைசென்ஸ், புதுப்பிப்பு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும்? கொடுத்துவிடலாம்" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்குச் சொல்லவும் தெரியவில்லை.

நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. அந்தத் துப்பாக்கியால் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. சின்ன வயதில் அப்பாரு அட்டாலியிலிருந்து அதை இறக்கி, திண்ணையில் கோணிச்சாக்கு விரித்துத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனால் கண்ணை மூடினால் முழுசாகத் தெரிகிறது. வெளியே இரண்டு குதிரை (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி), ஆட்டுக் காது மாதிரி நிற்கும். வலது குதிரையில் கட்டைவிரல் படும் இடத்தில் வெட்டியிருந்த வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. இடது குதிரையில் அதே வரிகள் இன்னும் விரலை உறுத்தும். ராத்திரி பட்டிக்கு நரி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அதுவும் எப்போதும் வலது பேரலில்தான். தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் ஒரு விரிசல், அதன்மேல் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில், அப்பாருவின் அப்பா வில்வண்டியில் போகும்போது கீழே விழுந்து உடைந்ததாக வீட்டில் கதை. பேரல் பூராவும் பழுப்பும் வெள்ளியுமாக நெளிநெளியாக ஒரு கோலம் ஓடும். "இது இங்கிலீஷ் துப்பாக்கிடா" என்று அப்பாரு சொல்லும்போது குரலே மாறிவிடும்.

இது எந்த ஊரில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேர் மாற்ற என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, சுடவே போகாத ஒரு துப்பாக்கியை வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி எழுதியது:

முதல் கேள்விக்கு முத்திரைதான் பதில் சொல்லும். கடைக்காரரிடமே கேட்டு, பேரலைக் கழற்றச் சொல்லி, அடியில் மருந்தறைப் பக்கம் (தோட்டா உட்காரும் இடம்) தட்டையாக இருக்கும் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரலுக்கு மேலே பொறித்திருக்கும் பெயரை அப்படியே நம்பவேண்டாம். மெட்ராஸில் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் சீமையிலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். அது விற்ற கடை. செய்த ஊர் அடியில்தான் இருக்கும்.

பர்மிங்ஹாமில் 1813ஆம் வருஷச் சட்டத்தால் ஒரு சோதனைச் சாலை வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். பேரல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியதால் வயதையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். 'நாட் ஃபார் பால்' என்று எழுதியிருந்தால் அது 1875க்கும் 1887க்கும் இடையில் சோதித்தது. வாய்ப்பக்கம் குறுகலாகக் கடைந்த பேரல், ஒற்றைக் குண்டு போடாதே, ரவை (சின்னச் சின்ன ஈயக் குண்டு) மட்டும் போடு என்று அர்த்தம். கிரீடத்தின் கீழ் 'என்.பி.' இருந்தால் புகையில்லா மருந்துக்குத் தாங்கும் என்று 1904க்குப் பிறகு சோதித்தது. முட்டை வடிவ வளையத்துக்குள் 'இ.எல்.ஜி.' என்று இருந்தால் அது இங்கிலாந்தே இல்லை, பெல்ஜியத்து லியேஜ்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த நெளிக்கோலம் டமாஸ்கஸ் பேரல். கருமருந்துக் காலத்தில் செய்தது. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. தோட்டா உள்ளே பொருந்துகிறதே என்று ஏமாறுவார்கள். பழைய துப்பாக்கிகளின் மருந்தறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், இப்போதைய தோட்டா 70 மில்லிமீட்டர். வெடிக்கிறதுக்கு முன்னால் இரண்டும் சரியாகத்தான் உட்காரும். வெடிக்கும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் குறுகலான பகுதிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எங்கேயோ போய்விடும். கூடவே, நூறு வருஷத் துரு அந்தப் பேரலைப் பற்றவைத்த இணைப்புகளுக்குள் என்ன வேலை செய்திருக்கும் என்று வெளியே பார்த்தால் தெரியாது.

நொய்யல் எழுதியது:

டமாஸ்கஸ் என்றால் நம் கொடுமணல் உருக்குதானே அண்ணா? இங்கேயிருந்து போன எஃகில்தான் அதெல்லாம் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நம்மூர் இரும்பு சீமைக்குப் போய்த் துப்பாக்கியாகத் திரும்பி வந்திருக்கிறது!

சென்னிமலைத் தறி எழுதியது:

தம்பி, கொடுமணல் எங்கள் ஊரிலிருந்து பக்கம். அந்த மேட்டில் எத்தனையோ சாயங்காலம் நடந்திருக்கிறேன், அதனால் நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான். அங்கே அகழாய்வில் இரும்பு உருக்கிய உலையும் எஃகு காய்ச்சிய மூசைகளின் (மண் குப்பிகளின்) தடயமும் கிடைத்தது நிஜம். தென்னாட்டிலிருந்து அப்படிப்பட்ட உருக்கு மேற்கே போனதும், டமாஸ்கஸ் பேர் போட்ட வாள்கள் அதில் அடித்ததும் நிஜம். வாளில் தெரியும் கோலம் அந்த எஃகுக்குள்ளேயே இருக்கிற மணிகளால் வருவது.

துப்பாக்கிப் பேரலின் கோலம் வேறு வழியில் வருகிறது. இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியும் அடுக்கி, காய்ச்சி, கயிறு மாதிரி முறுக்கி, பட்டையாக அடித்து, ஒரு கோலைச் சுற்றிச் சுருளாகச் சுற்றி, பற்றவைத்து ஒரே குழலாக்குவார்கள். அப்புறம் அமிலம் தடவினால் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகப் பிரிந்து தெரியும். நாங்கள் தறியில் இரண்டு நிற நூலை முறுக்கிப் போட்டால் துணியில் மின்னுமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. வாளின் அழகைப் பார்த்து அந்தப் பேரை இதற்கும் வைத்துக்கொண்டார்கள். லியேஜ்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள், பர்மிங்ஹாம் பட்டறைகளே அங்கேயிருந்து குழல் வாங்கியதுண்டு.

நம்மூர் இரும்பு சீமைக்காரனை ஆட்டிவைத்தது என்றால் அதற்கு வேறு கதை இருக்கிறது. 1830இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் போட்டார். சேலத்துப் பக்கம் இரும்புத் தாது இருக்கும் கஞ்சமலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

பழைய கச்சேரி எழுதியது:

பேர் மாற்றம் பற்றி நான் சொல்கிறேன். தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவன், இந்த ஃபைல்கள் நிறைய என் கையில் போயிருக்கின்றன.

உங்கள் அப்பா செய்தது சரியான காரியம். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி தப்பாகிவிடும். 1959 ஆயுதச் சட்டம் 21ஆவது பிரிவு, தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. பல வீடுகளில் துக்கத்திலோ பயத்திலோ அப்படியே பரணில் விட்டுவிடுகிறார்கள். நாலு வருஷம் கழித்து யாராவது எடுத்துக் கொடுத்தால் ஆயிரம் கேள்வி வரும்.

இனி 2016 ஆயுத விதிகளில் 25ஆவது விதி. வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரின் சம்மதக் கடிதம், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். உங்களுக்குத் திருப்பூர் மாவட்ட ஆட்சியர். கோவை மாநகரத்துக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர். விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து வருவார்கள், ஊரில் நாலு பேரிடம் கேட்பார்கள். உங்கள் ஆத்தா, அப்பாருவின் மனைவி, இருந்தால் அவரும் வாரிசுதான், அவர் கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பேரில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது, அது பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்துத்தான். லைசென்ஸ் காலமும் மூன்றிலிருந்து ஐந்து வருஷமாகியிருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. அதே விதியில், லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, தன் வாரிசு ஒருவரைச் சொல்லி மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது. பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால் பின்னால் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வராது. துப்பாக்கியின் கதையையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம்.

'ரொம்பப் பழசு, அதற்கு லைசென்ஸ் வேண்டாம்' என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள். 45ஆவது பிரிவில் விலக்கு இருப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிமேல் சுடவே முடியாத பழம்பொருளுக்கு. உங்களுடையது போன வருஷம்வரை வெடித்த துப்பாக்கி. அது அந்தக் கணக்கில் வராது. லைசென்ஸ் வந்துவிட்டால் காட்டுப்பன்றியைச் சுடலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. 1972க்குப் பிறகு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வனத்துறை வேலை.

கீழ்பவானி எழுதியது:

எல்லோரும் ஆர்வமாகப் பேசுகிறீர்கள். எனக்குப் படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். என் பெரியப்பா அதைக் கெட்டித்துக் கையில் வைத்துக்கொண்டே கிளுவை வேலியைத் தாண்டினார். குதிரை முள்ளில் மாட்டியது. பின்னால் வந்துகொண்டிருந்தது அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை. பதினேழு வயது. பெரியப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார், அந்தக் காட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. துப்பாக்கியைத் தாத்தா கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்கவேண்டாம். அப்பாருவின் கைத்தடம் வேண்டுமென்றால் அவர் பிடித்த மண்வெட்டி இருக்கும், கைத்தடி இருக்கும், எருமைக்குக் கட்டிய மணி இருக்கும். துப்பாக்கிதான் வேண்டுமா?

கொறங்காடு எழுதியது:

அண்ணா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. மண்வெட்டி இருக்கிறதுங்க, கைத்தடியும் இருக்கிறது. நீங்கள் கேட்டதிலிருந்து இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மண்வெட்டியை நாங்கள் எல்லோரும் பிடித்தோம். இலை மாறியது, காம்பு மாறியது. துப்பாக்கியை அவர் மட்டும்தான் தொட்டார். அதைக் கையில் எடுத்தால் அவர் வேறு ஆளாக இருப்பார். பேச மாட்டார். பேரலை மடித்து இரண்டு ஓட்டையையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் துணியையே எடுப்பார். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பயத்தைத்தான் அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விக்கு இது போதுமா என்று சொல்லத் தெரியவில்லைங்க.

வெள்ளகோயில் மகள் எழுதியது:

நான் ஒன்று சொல்லலாமா? எங்கள் அப்பாவின் ஒற்றைக் குழல் இன்று என் பேரில் இருக்கிறது. நாங்கள் இரண்டும் பெண்கள். சித்தப்பா, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி, என் பையன் பேருக்கு எழுதிக் கொடுங்க" என்றார். பழைய கச்சேரி ஐயா சொன்ன விதியில் வாரிசு என்றுதான் இருக்கிறது, மகன் என்று இல்லை. அக்கா சம்மதக் கடிதம் கொடுத்தாள், அம்மா கொடுத்தார், பயிற்சிக்குப் போனேன், எட்டு மாதத்தில் வந்தது. இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம் பராமரிப்பு. எங்கள் அப்பா தேங்காய் எண்ணெய்தான் போடுவார். அந்த வாசனைதான் எனக்கு அந்தத் துப்பாக்கி. ஆனால் மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையுமே, அதே மாதிரி விசைக்குள்ளும் உறைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். என் கைக்கு வந்தபோது குதிரை பாதியில் நின்றது. கடையில் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெல்லிசான எண்ணெய் துளித்துளியாக விட்டார்கள். மரத்தில் அந்த எண்ணெய் படக்கூடாது, ஊறி மெத்தென்று ஆகிவிடும். தோல் உறைக்குள் போட்டு வருஷக்கணக்கில் வைக்கவும் கூடாது, தோல் ஈரத்தை வாங்கிப் பேரலைத் தின்றுவிடும்.

கட்டையில் பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கிறது. அதைத் துடைக்காதீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன்.

சங்ககிரியான் எழுதியது:

எங்கள் பங்காளி வீட்டில் மடித்துத் தோட்டா போடுகிற ஒற்றைக்குழல் இருக்கிறது. தீரன் சின்னமலை படையில் இருந்த முன்னோர் வைத்திருந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா? மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன்.

சென்னிமலைத் தறி எழுதியது:

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805. குதிரை தட்டினால் தீப்பொறி வரும் வெடிகேப்புக்கு வழிவிட்ட கண்டுபிடிப்புக்கே ஃபோர்சைத் என்ற பாதிரியார் 1807இல்தான் காப்புரிமை வாங்கினார். மடித்துத் தோட்டா போடுகிற துப்பாக்கி புழக்கத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு போக வேண்டியிருந்தது. சின்னமலை சண்டை போட்ட ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் வெடித்தவை திரி வைத்துப் பற்றவைக்கிறதும் சக்கிமுக்கிக் கல் வைத்ததும்தான்.

அதற்காக உங்கள் பங்காளி வீட்டுத் துப்பாக்கி மட்டம் என்று ஆகிவிடாது. படையில் முன்னோர் இருந்தது தனி ஞாபகம், துப்பாக்கி தனி ஞாபகம், நடுவில் யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் தேடுங்கள். முதலில் யார் பேரில், எந்த வருஷம், எந்தக் கச்சேரி (சர்க்கார் ஆபீஸ்) முத்திரை என்று அதில் இருக்கும். அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். இத்தனை வருஷமாக அவருக்குச் சேரவேண்டிய பேர் சின்னமலை கணக்கில் போயிருக்கிறது.

கீழ்பவானி எழுதியது:

கொறங்காட்டுத் தம்பிக்கு. நீங்கள் எழுதிய பதிலை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும்' என்ற இடத்தில் இன்னொரு தரம் படி என்றார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. துப்பாக்கி போய்விட்டது, ஆனால் மருந்துக் கொம்பு வீட்டிலேயே இருக்கிறது. எருமைக் கொம்பு, வாயில் மரத்தக்கை, பித்தளை வளையம். உள்ளே எதுவும் இல்லை. பெரியம்மா அதை அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தார், அவர் போன பிறகு என்னிடம் வந்தது. மூன்று வீடு மாறியிருக்கிறேன், மூன்று வீட்டுக்கும் வந்துவிட்டது. துப்பாக்கிதான் வேண்டுமா என்று உங்களைக் கேட்டவன் நான். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கொறங்காடு எழுதியது (நான்கு மாதம் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைக்காரர் பொறுமையாகப் பேரலைக் கழற்றிக் காட்டினார். முட்டை வளையம், உள்ளே இ.எல்.ஜி. தறி அண்ணன் சொன்ன லியேஜ். பெல்ஜியம்! இங்கிலீஷ் என்று அப்பாரு சொன்னது இல்லை என்றாகிவிட்டதே என்று ஒரு நிமிஷம் துக்கமாக இருந்தது. அப்புறம் அவரே ஒரு கண்ணாடி கொடுத்துக் கோலத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு நெளியும் ஒரே அளவில், பேரல் நெடுக, ஒரு இடத்திலும் பிசகாமல். எவனோ ஒருவன் உலைக்கு முன்னால் நின்று அடித்தது. துக்கம் போய்விட்டது.

கம்பியைக் கூர்ந்து பார்த்தபோதுதான் விஷயம். கடைக்காரர், "இது மோட்டார் காயில் கம்பி மாதிரி இருக்குதுங்களே" என்றார். சில இடத்தில் வார்னிஷ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததே 1930களில். எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது அதற்கும் ரொம்பப் பின்னால், அப்பாரு கல்யாணத்துக்குப் பிறகு. அப்படியானால் வில்வண்டிக் கதை நிற்காது.

சம்மதக் கடிதத்துக்கு ஆத்தாவிடம் கைநாட்டு வாங்கப் போனோம், அண்ணனும் வந்தார். கம்பியைப் பற்றிக் கேட்டேன். ஆத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வண்டியுமில்லை ஒண்ணுமில்லை. உங்கப்பன் தவழற வயசு. கெணத்து மேட்டுக்குப் போயிட்டான். உங்கப்பாரு கையில இருந்ததை அப்படியே பாறையில வீசிட்டு ஓடிப் புடிச்சாரு. தோட்டா உள்ள இருந்துச்சு. வெடிக்கலை. ஆசாரி வந்து எரிஞ்சுபோன மோட்டார்க் கம்பியைச் சுத்தும்போது கட்டையை நாந்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன். தோட்டா போட்டு வச்சிருந்ததை யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. நானும் சொல்லலை."

இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், எழுபதை நெருங்குகிறார், அவருக்கே இது தெரியாது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஆத்தா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, பழைய லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறோம்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று, விசாரணைக்காகக் காத்திருக்கிறேன். தறி அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். வார்னிஷ் உரிந்த இடத்தில் கம்பியில் பச்சை பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாகிவிடும் என்கிறார்கள். தேய்க்கலாமா?

சென்னிமலைத் தறி எழுதியது:

வேண்டாம் தம்பி. புளி மரத்துக்குள் இறங்கிவிடும். காய்ந்த துணியால் மேலாகத் துடைத்தால் போதும். கம்பி தளர்ந்து கட்டை ஆடுகிறதா என்று மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை கடையில் பார்க்கச் சொல்லுங்கள். ஆடாதவரைக்கும் அதைப் பிரிக்கவே கூடாது.